உங்க பெட்டியில அது ஓடாது தம்பி

தொண்ணூறுகளில் மதுரையில் ஆரப்பாளையம், புட்டுத்தோப்பு, மேலப்பொன்னகரம் பக்கம் வளர்ந்தவர்களிடம் நின்டெண்டோ என்று சொன்னால் பலர் யோசிப்பார்கள். மரியோ என்றால் யோசிக்க மாட்டார்கள். காண்ட்ரா என்றால் கட்டைவிரல் தானாக அசையும். டிவியின் ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் வயரைச் செருகுவோம். பெட்டியின் தலையில் மஞ்சளோ கறுப்போ ஒரு கேசட்டை அழுத்துவோம். ‘டிவி கேம்’ என்பதுதான் அதற்குப் பெயர். பெட்டியின் மேல் மீடியா என்றோ சாமுராய் என்றோ எழுதியிருக்கும். எதுவும் எழுதாமலும் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஜப்பான் நிறுவனமான நின்டெண்டோ செய்தவை அல்ல. ஆனால் உள்ளே ஓடியது நின்டெண்டோவின் பெட்டிக்காக எழுதப்பட்ட அதே மரியோதான்.

இப்போது இன்னொரு காட்சியைப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். அவ்வளவு பணம் போட்டு வாங்கிய பையன் கடைக்குப் போய் ‘செல்டா இருக்காண்ணே?’ என்று கேட்டால், உங்க பெட்டியில அது ஓடாது தம்பி என்பதுதான் பதில். ஸ்பைடர்மேன் ஆசையில் எக்ஸ்பாக்ஸ் வாங்கியவருக்கும் இதே பதில்தான். பெயரில்லாத மலிவுப் பெட்டி ஓட்டிக் காட்டியதை, அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமான பெட்டி ஏன் ஓட்ட மறுக்கிறது? ஒரு காலத்தில் இதற்குக் காரணம் மின்னணுவியலில் இருந்தது. இன்று அங்கே இல்லை. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பது சுவையான கதை, தெரிந்துகொண்டால் பணத்தைக் காப்பாற்றும் கதையும்கூட.

முதலில் சிப்புக்குள் போவோம். செயலிக்கு எழுத்தும் தெரியாது, படமும் தெரியாது. வரிசையாக வரும் எண்களைப் படித்து, ஒவ்வோர் எண்ணுக்கும் தனக்குள் வகுத்து வைத்த ஒரு வேலையைச் செய்யும், அவ்வளவுதான். எந்த எண்ணுக்கு எந்த வேலை என்பது சிப்புக்குச் சிப் மாறும். 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியில் இருந்தது 6502 என்ற சிப்பின் வழிவந்த செயலி. அதனிடம் 169 என்ற எண்ணைக் கொடுத்தால், ‘அடுத்து வரும் எண்ணை எடுத்து வைத்துக்கொள்’ என்று புரிந்துகொள்ளும். அதே காலத்துப் போட்டியாளரான சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் பெட்டியில் இருந்தது ஸெட் 80 என்ற செயலி. அதற்கு 169 என்றால், ‘வைத்திருக்கும் எண்ணை சி என்ற அறையில் உள்ள எண்ணோடு பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்’ என்று பொருள். ஆக, மரியோ கேசட்டில் இருக்கும் எண்களை அப்படியே சேகா பெட்டிக்கு ஊட்டினால், முதல் சில எண்களிலேயே அது வழிதவறி உறைந்து நின்றுவிடும்.

எண்களை ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்கு மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். அன்றைய விளையாட்டுகள் எவ்வளவு நெருக்கடியில் எழுதப்பட்டன என்று தெரிந்தால் ஏன் போதாது என்பது புரியும். ஃபேமிகாமின் பொது நினைவகம் 2 கிலோபைட். படத்துக்கென்று தனியாக இன்னொரு 2 கிலோபைட். திரையிலோ 256க்கு 240 என்று 61,440 புள்ளிகள். ஒரு முழுப் படத்தைச் சேமித்து வைக்க இடமே கிடையாது. அதனால் டிவியின் மின்கற்றை ஒவ்வொரு கோடாக வரைந்துகொண்டு போகும்போதே, அடுத்த புள்ளி என்ன நிறம் என்பதைப் படச் சிப் அந்தக் கணத்தில் தயார்செய்து தரும். கேசட்டில் உள்ள எட்டுக்கு எட்டுச் சதுரத் துண்டுகளை அடுக்கி அடுக்கி உருவாகும் படம் அது. ஒரே கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் வந்தால் மிச்சத்தை அது வரையாது. காண்ட்ராவில் எதிரிகள் கூட்டமாக வந்தால் சிலர் மினுக்கி மினுக்கி மறைவார்களே, அது கேசட் தூசியால் வந்த கோளாறு அல்ல. எந்தத் துண்டை விடுவது என்று விளையாட்டே மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்ததால் வந்த மினுக்கல்.

சூப்பர் மரியோவில் மேலே மதிப்பெண் பட்டை அசையாமல் நிற்கும். கீழே நிலம் நகரும். சாதாரணமாகத் தெரியும் இந்தக் காட்சியை ஃபேமிகாமில் கொண்டுவர நேர்வழி இல்லை, ஏனென்றால் படச் சிப் முழுத் திரையையும் ஒன்றாகத்தான் நகர்த்தும். நிரல் எழுதியவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பட்டையில் வரையப்பட்ட காசின் அடிப்பகுதியில் ஓர் உருவத் துண்டை ஒளித்து வைத்தார்கள். மின்கற்றை அந்த இடத்தைத் தொட்டதும் சிப்புக்குள் ஒரு கொடி உயரும். செயலி அதற்காகவே காத்திருந்து, கொடி உயர்ந்த கணத்தில் ‘இனி நகர்த்தலாம்’ என்று சொல்லிவிடும். ஒரு நொடிக்கு 60 தடவை இது நடக்கிறது. மொத்த விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இப்படி எழுதப்பட்ட ஒன்றை வேறு சிப்புக்கு ‘மாற்ற’ முடியாது, முதலிலிருந்து புதிதாக எழுதத்தான் முடியும். அந்தக் காலத்தில் ஒரு விளையாட்டு ஒரே பெட்டிக்குச் சொந்தமாக இருந்ததில் ஒரு நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். உளியும் கல்லும் ஒன்றையொன்று அறிந்து செய்த வேலை அது.

அப்படியானால் நம் ஊர் மலிவுப் பெட்டி எப்படி ஓட்டியது? அதே சிப்பை நகல் எடுத்துத்தான். தைவானிலும் சீனாவிலும் ஃபேமிகாமின் செயலியையும் படச் சிப்பையும் நகலெடுத்தார்கள். பிற்பாடு இரண்டையும் ஒரே சில்லாக்கி, மேலே ஒரு சொட்டுக் கறுப்புப் பிசினை ஊற்றி மூடினார்கள். பழைய டிவி கேமைக் கழற்றிப் பார்த்தவர்கள் அந்தக் கறுப்புப் பொட்டைப் பார்த்திருப்பார்கள். ஃபேமிகாம் கேசட்டின் 60 பின்களும் நேராகச் சிப்புகளின் வயர்களோடு சேர்பவை. இடையில் ‘நீ யார்?’ என்று கேட்கும் காவல் எதுவும் இல்லை. சிப் சரியாக நகலாகியிருந்தால் போதும், கேசட் ஓடிவிடும். ரஷ்யாவில் டெண்டி, போலந்தில் பெகாசஸ், இங்கே மீடியா என்று உலகின் பாதி இதே வழியில்தான் மரியோவைச் சந்தித்தது. நின்டெண்டோவுக்கு அதில் ஒரு பைசாகூடப் போகவில்லை. அது திருட்டுதான். ஆனால் அந்தத் திருட்டு இல்லையென்றால் மதுரையில் ஒரு தலைமுறைக்கு வீடியோ கேம் என்ற கலையே அறிமுகமாகியிருக்காது என்பதும் உண்மை.

அமெரிக்காவுக்கு 1985-ல் அதே ஃபேமிகாம் இயந்திரத்தை அனுப்பியபோது நின்டெண்டோ பூட்டுப் போட்டது. காரணம், அங்கே 1983-ல் நடந்த சரிவு. அதற்கு முன் சந்தையை ஆண்ட அடாரியின் பெட்டிக்கு யார் வேண்டுமானாலும் விளையாட்டு எழுதலாம் என்ற நிலை. அடாரியிலிருந்து வெளியேறிய நிரலாளர்கள் 1979-ல் ஆக்டிவிஷனைத் தொடங்கி வழிகாட்ட, பின்னால் வந்த பலர் குப்பையாக எழுதித் தள்ளினார்கள். வாங்கியவர்கள் வெறுத்துப்போனார்கள். விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊரில் குழிவெட்டிப் புதைத்தது அடாரி. 2014-ல் தோண்டி எடுத்துப் பார்த்தபோது உள்ளேதான் இருந்தன. நின்டெண்டோ அந்தக் கதி தனக்கு வரக்கூடாது என்று நினைத்தது.

அந்தப் பூட்டு எளிமையானது, அழகானது. பெட்டிக்குள் ஒரு சிறு சிப், ஒவ்வொரு கேசட்டுக்குள்ளும் அதேபோல் இன்னொரு சிப். மின்சாரம் வந்ததும் இரண்டும் ஒரே கணக்கை ஒரே தாளத்தில் போட்டு, விடைகளைப் பரிமாறிக்கொண்டே இருக்கும். ஒரு விடை பிசகினாலும் பெட்டியின் சிப் செயலியை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவைக்கும். மறுபடி பிசகினால் மறுபடி. திரை விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருக்கும். அந்தச் சிப் நின்டெண்டோவிடம் மட்டும் கிடைக்கும் என்பதால், கேசட் செய்ய விரும்பிய ஒவ்வொரு நிறுவனமும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் கூடாது. கேசட்டை நின்டெண்டோவே தயாரிக்கும், முன்பணம் கட்ட வேண்டும். பிறகு முக்கியமான ஷரத்து: அந்த விளையாட்டை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு எந்தப் பெட்டிக்கும் தரக்கூடாது. டெங்கன் என்ற பெயரில் விளையாட்டு விற்ற அடாரி கேம்ஸ், அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பொய்க் காரணம் சொல்லிப் பூட்டின் நிரலைப் பெற்று நகல் செய்தது. 1992-ல் நீதிமன்றம் நின்டெண்டோ பக்கம் நின்றது.

அந்த இரண்டு ஆண்டு ஷரத்தில்தான் கதை திரும்புகிறது. அதற்கு முன் ஒரு விளையாட்டு இன்னொரு பெட்டிக்குப் போகாததற்குச் சிப் காரணம். அதற்குப் பின் காகிதமும் ஒரு காரணம்.

சில காலம் இரண்டும் கலந்தே நடந்தன. 1996-ல் வந்த நின்டெண்டோ 64 கேசட்டிலேயே பிடிவாதமாக நின்றது. அதில் அதிகபட்சம் 64 மெகாபைட். சோனியின் பிளேஸ்டேஷன் சிடியில் அதைப்போலப் பத்து மடங்கு இடம். மூன்று சிடி நிறையக் காட்சிகள் கொண்ட ஃபைனல் ஃபேன்டசி 7, 1997-ல் சோனியிடம் போனதற்கு இந்த இடவசதி முக்கியக் காரணம். கடைசிப் பெரிய தொழில்நுட்பச் சுவர் என்று 2006-ன் பிளேஸ்டேஷன் 3-ஐச் சொல்வேன். அதன் செல் சிப்பில் ஒரு தலைமைச் செயலி, அதன்கீழ் பல துணைச் செயலிகள். ஒவ்வொரு துணைச் செயலிக்கும் சொந்தமாக 256 கிலோபைட் இடம் மட்டுமே. வேலையைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, நேரம் தப்பாமல் ஒவ்வொன்றுக்கும் அனுப்பி, திரும்ப வாங்க வேண்டும். பழகியவர்கள் அதில் அதிசயம் செய்தார்கள். 2013-ன் தி லாஸ்ட் ஆஃப் அஸ் அதற்குச் சான்று. மற்றவர்கள் திணறினார்கள்.

2013-ல் சுவர் விழுந்தது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்குள்ளும் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஒரே குடும்பத்துச் சிப், எட்டு கோர். வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கும் அதே எக்ஸ்86 பாஷை. 2020-ல் வந்த அடுத்த தலைமுறையிலும் இரண்டு பெட்டிக்கும் அதே ஏ.எம்.டி.தான். 169 என்ற எண்ணுக்கு இப்போது இரண்டு பெட்டியிலும் ஒரே பொருள். போதாக்குறைக்கு விளையாட்டு எழுதுபவர்கள் இன்று சிப்பை நேரடியாகத் தொடுவதே குறைவு. அன்ரியல், யூனிட்டி போன்ற பொதுவான எஞ்சின்களில் எழுதினால், எந்தப் பெட்டிக்கு வேண்டுமோ அதற்கேற்ற எண்களாக எஞ்சினே மாற்றித் தரும். சோதனையும் செப்பனிடுதலும் பாக்கி இருக்கும். அதற்கு ஆளும் பணமும் வேண்டும். ஆனால் முடியாத வேலை அல்ல.

இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள மதுரைத் தியேட்டர்களைப் பாருங்கள். படம் இப்போது ரீலில் வருவதில்லை. பூட்டிய கோப்பாக வருகிறது. எல்லாத் தியேட்டரிலும் அதை ஓட்டக்கூடிய புரொஜெக்டர் உண்டு. ஆனால் கே.டி.எம். என்ற சாவி அந்தத் தியேட்டரின் இயந்திரத்துக்கென்று, அந்தத் தேதிகளுக்கென்று வந்தால்தான் படம் திறக்கும். பண விவகாரம் முடியாமல் சாவி வராததால் காலைக் காட்சி ரத்தானதை ரசிகர்கள் வெயிலில் நின்று பார்த்திருக்கிறார்கள். புரொஜெக்டருக்கும் அந்த ரத்துக்கும் சம்பந்தமில்லை.

கன்சோல் எனப்படும் இந்த விளையாட்டுப் பெட்டிகளின் சாவி டிஜிட்டல் கையொப்பம். நிறுவனத்திடம் ஓர் இரகசிய எண் இருக்கும். அனுமதித்த ஒவ்வொரு விளையாட்டுக்கும் அந்த எண்ணை வைத்து ஒரு கையொப்பம் கணக்கிட்டு ஒட்டுவார்கள். பெட்டியிடம் இரகசிய எண் இருக்காது. கையொப்பம் சரியா என்று சோதிக்க மட்டும் உதவும் இன்னோர் எண் இருக்கும். விளையாட்டில் ஒரு பிட்டை மாற்றினாலும் சோதனை தோற்கும். இந்த முறையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஒரு புதிய தற்செயல் எண் தேவை. பிளேஸ்டேஷன் 3-ல் சோனி ஒரே எண்ணையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருந்தது. 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழு இதை வெளியிட்டது. இரண்டு கையொப்பங்களை எடுத்தால் இரண்டு சமன்பாடு, தெரியாத எண்கள் இரண்டு. பத்தாம் வகுப்பு இயற்கணிதம் அறிந்தவருக்கு மீதி புரியும். இரகசிய எண் வெளியே வந்துவிட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கணிதப் பாடம் இதுதான்.

சிப் காரணமில்லை என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’. அசுரப் படை கடத்திய தம்பியைத் தேடி, துர்க்கை தந்த ஆயுதத்தோடு கிளம்பும் ஒரு பெண்ணின் கதை. 2020 ஆகஸ்டில் அது முதலில் நின்டெண்டோ ஸ்விட்சில் மட்டும் வெளிவந்தது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் அக்டோபரில்தான் வந்தது. கவனியுங்கள்: அந்தப் பெட்டிகளில் மிகவும் பலம் குறைந்தது ஸ்விட்ச்தான், உள்ளே இருப்பது டேப்லெட்டுக்கான என்விடியா சிப். விளையாட்டு எழுதப்பட்டதோ எல்லாப் பெட்டிக்கும் பொதுவான அன்ரியல் எஞ்சினில். பலம் குறைந்த பெட்டிக்கு முதலில், பலம் கூடியவற்றுக்குப் பின்னால் என்ற வரிசையை எந்தப் பொறியியலும் விளக்காது; வணிகம் ஒன்றே விளக்கும். பெயர் தெரியாத ஒரு சிறிய நிறுவனத்துக்கு நின்டெண்டோவின் மேடையில் கிடைக்கும் வெளிச்சம் பெரிது. அதற்கு விலையாகச் சில வாரக் காத்திருப்பு. அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நின்டெண்டோ தன் ஸ்விட்சை இந்தியாவில் நேரடியாக விற்கவே இல்லை. இறக்குமதிக் கடைகளில்தான் கிடைத்தது. இந்தியப் புராணத்தை, இந்தியர் உருவாக்கிய விளையாட்டை, நம் நாட்டில் முறையாக விற்காத ஒரு பெட்டியில்தான் முதலில் விளையாட முடிந்தது.

இதற்கு நேர்மாறாக ஒரு தமிழ் விளையாட்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய ‘வெண்பா’, எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா தந்த, அழிந்தும் கிழிந்தும் போன சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லியும் புட்டும் செய்துதான் விளையாட வேண்டும். 2023 ஜூலை 31 அன்று ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் ஒரே நாளில் வந்தது. எக்ஸ்பாக்ஸின் சந்தாவிலும் முதல் நாளே சேர்ந்தது. அடுத்த ஆண்டு முதல் படைப்புக்கான பாஃப்டா விருதையும் வாங்கியது. சிறிய குழுவால் எல்லாப் பெட்டிக்கும் தர முடிகிறது என்றால், ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனங்களால் முடியாதா என்ன?

முடியும், வேண்டாம் என்பதுதான் அவர்கள் கணக்கு. கன்சோல் விற்பதில் பெரிய லாபம் இல்லை. பிளேஸ்டேஷன் 3 போன்றவை தொடக்கத்தில் அடக்கவிலைக்கும் குறைவாகவே விற்றன. லாபம் பிறகு வருகிறது. அந்தப் பெட்டியின் கடையில் விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் ஏறத்தாழ 30 சதவீதம் பெட்டிக்காரருக்கு. ஆகவே உங்களை முதல் நாள் எந்தப் பெட்டியை வாங்கவைப்பது என்பதே போட்டி. அதற்குத் தூண்டில்தான் ஸ்பைடர்மேன். 2018-ல் அதை உருவாக்கிய இன்சோம்னியாக் நிறுவனத்தை அடுத்த ஆண்டே 22.9 கோடி டாலருக்குச் சோனி வாங்கியது. எக்ஸ்பாக்ஸின் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷனை 6,870 கோடி டாலருக்கு வாங்கப் போனபோது, ஆக்டிவிஷனின் கால் ஆஃப் டூட்டி பிளேஸ்டேஷனில் தொடருமா என்பது உள்ளிட்ட கேள்விகளைச் சுற்றி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒழுங்குமுறை அமைப்புகள் அதனோடு மாதக்கணக்கில் மோதின. பத்தாண்டு தருவேன் என்று சோனியோடு ஒப்பந்தம் போட்ட பிறகு, 2023 அக்டோபரில் அந்த வியாபாரம் முடிந்தது.

ஒரே பெட்டிக்கென்று வரும் ‘எக்ஸ்க்ளூசிவ்’ விளையாட்டு எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. செல்டாவை நின்டெண்டோ தன் சொந்தப் பணத்தில், தன் சொந்த ரிமோட்டின் அமைப்பை மனதில் வைத்து உருவாக்குகிறது; அது அவர்கள் உரிமை. ஆனால் எல்லாப் பெட்டிக்கும் வரவிருந்த ஒரு விளையாட்டைப் பணம் கொடுத்து ஒரு பக்கம் நிறுத்தி வைப்பது, புதிதாக எதையும் உருவாக்கவில்லை. இன்னொரு பிள்ளையிடமிருந்து எடுக்க மட்டுமே செய்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய் அளவுக்குப் பெட்டி, அதன்மேல் புது விளையாட்டு ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் என்னும்போது, ஆரப்பாளையத்தில் இரண்டு பெட்டி வாங்கக்கூடிய வீடு எத்தனை? பெட்டி வாங்கப் போகிறவர்கள் வேகத்தையும் கிராஃபிக்ஸையும் ஒப்பிட்டு நேரம் போக்க வேண்டாம். பிள்ளை விளையாட விரும்பும் ஐந்தாறு பெயர்களை எழுதிக்கொண்டு, அவை எதில் வருகின்றன என்று மட்டும் பாருங்கள்.

இந்த வணிகச் சுவரும் இப்போது இளகுகிறது, அதற்கும் காரணம் பணம்தான். 2023-ல் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவிஷன் பேரம் தொடர்பான வழக்கில் சமர்ப்பித்த ஆவணங்களில் சரியாக மறைக்காத வரிகள் வழியாக, தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர் செலவானது வெளியே தெரிந்தது. அவ்வளவு பணத்தை ஒரே பெட்டியின் வாடிக்கையாளர்களிடமிருந்து மட்டும் திரும்ப எடுப்பது கடினம். காட் ஆஃப் வார், ஸ்பைடர்மேன் இரண்டையும் சோனி 2022-ல் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தது. எக்ஸ்பாக்ஸின் குலச்சொத்தாக இருந்த கியர்ஸ் ஆஃப் வார் 2025 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்துவிட்டது. அசையாமல் நிற்பது நின்டெண்டோ மட்டும்தான்; 2025-ல் வந்த ஸ்விட்ச் 2-ஐயும் பலர் வாங்கக் காரணம் புது மரியோ கார்ட்தான், வேறு எந்தப் பெட்டியிலும் அது கிடையாது.